குடகனாற்றுக்கு விழா எடுக்குமுன்

ஆறுகளுக்கு விழா எடுக்கும் காலம் இது. செப்டம்பர்த் திங்களின் நான்காம் ஞாயிறு உலக ஆறுகள் நாளாக 2005ஆம் ஆண்டு முதல் பல நாடுகளில் கொண்டாடப்பட்டு வருகிறது. கனடாவில் மார்க் ஏஞ்சலோ என்பவர் 1980இல் தாம்சன் ஆற்றில் கிடந்த குப்பையைத் தன்னார்வலர்களோடு வாரி அகற்றியதில் வேர்கொண்ட வழக்கம் அது. நம் நாட்டிலோ 2017இல் காவிரிக்குப் புஷ்கர விழா, 2018இல் தாமிரபரணிக்கு. இவற்றையெல்லாம் கண்டபின், ‘நம் திண்டுக்கல் சீமைக்கும் குடகனாறு என்று ஓர் ஆறு இருக்கிறதே, அதற்கும் ஒரு நாள் குறித்து, அதன் பறவைகளையும் மீன்களையும் பிள்ளைகளுக்குக் காட்டி, ஊர்கூடிக் கொண்டாடினால் என்ன?’ என்று கேட்கும் நல்ல உள்ளங்கள் நம்மிடையே உண்டு. அவர்களோடு நமக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அவர்களது அன்பின்மீது நமக்கு ஐயமில்லை. எது முன், எது பின் என்பதில்தான் மாறுபடுகிறோம். அந்த முறை பிறழ்ந்தால் விழாவே ஆற்றுக்குத் தீங்காக முடியும் என்று துணிந்து சொல்ல வேண்டியவர்களாயிருக்கிறோம்.

இத்தகைய நாள்கள் எவ்வாறு நடைபெறுகின்றன என்பதை வாசகர்கள் அறிவார்கள். முதல்நாள் இரவே பிளெக்ஸ் பதாகை கட்டப்படும். அதில் ஆற்றைவிடச் சிறப்பு விருந்தினரின் முகம் பெரிதாயிருக்கும். காலையில் பள்ளிப் பிள்ளைகள் வெயிலில் அணிவகுத்து முழக்கமிட்டுச் செல்வார்கள். ஓவியப் போட்டியில் எல்லாப் பிள்ளைகளும் நீலநிற ஆறு ஒன்றையும் இருகரையிலும் தென்னையையும் நடுவில் ஓர் அன்னத்தையும் வரைவார்கள். (திண்டுக்கல்லில் அன்னத்தைக் கண்டவர் யார் என்று எந்த நடுவரும் கேட்டதாகத் தெரியவில்லை.) நெகிழிப் புட்டிகளில் தண்ணீர் வழங்கப்படும். உறுதிமொழி வாசிக்கப்படும், நிழற்படம் எடுக்கப்படும், சில நாளில் பதாகை கிழிந்து ஆற்றுக்குள்ளேயே கிடக்கும். நாமும் அத்தகைய மேடைகளில் ஏறியவர்களே. கையை நீட்டி உறுதிமொழி கூறியவர்களே. அவற்றுள் ஒன்றையேனும் இன்று நினைவிலிருந்து சொல்லும்படி கேட்டால் நம்மால் இயலாது.

முதலில் ஆற்றை அறிந்துகொள்வோம். குடகனாறு மேற்கே கீழ்ப் பழனிமலைச் சரிவுகளில் பிறக்கிறது. ஆத்தூரை அடுத்த காமராசர் நீர்த்தேக்கத்தில் தங்கித் திண்டுக்கல் நகருக்குக் குடிநீர் தந்த பெருமை அதற்கு உண்டு. பின்னர் வடக்கே திரும்பி அனுமந்தராயன்கோட்டை, தாடிக்கொம்பு, வேடசந்தூர் என்று வறண்ட சமவெளியைக் கடக்கிறது. சிறுமலையிலிருந்து இறங்கும் சந்தானவர்த்தினி அதில் வந்து சேர்கிறது. அழகாபுரியில் ஓர் அணை. அதன்பின் கரூர் மாவட்டத்துக்குள் புகுந்து அமராவதியோடு கலந்து காவிரிக்குப் போகிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலும் சீமைக் கருவேலமுமாகக் கிடப்பதால், பாலத்தைப் பேருந்தில் கடக்கும்போது கீழே இருப்பது ஓர் ஆறு என்பதை அறியாமலே பலர் கடந்துபோகிறார்கள். வைகைக்குப் பரிபாடல் இருக்கிறது. காவிரிக்குச் சிலப்பதிகாரம் இருக்கிறது. குடகனாற்றுப் படுகையின் ஊர்களைப் பற்றி நாடெல்லாம் வாசித்த ஏடு எது என்று தேடினால், நமக்குக் கிடைப்பது உச்சநீதிமன்றத் தீர்ப்பொன்றின் சில வரிகளே.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆயம் வழங்கிய தீர்ப்பு அது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியையும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்ற நெறியையும் இந்நாட்டின் சட்டமாகவே அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. இன்றும் சட்டக் கல்லூரிகளில் அது பாடம். வழக்கின் பெயரில் வேலூர் இருப்பதால் அது பாலாற்றின் கதை என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் அன்று ‘திண்டுக்கல் அண்ணா’ என்று அழைக்கப்பட்ட நம் மாவட்டமும் அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்ட ஐந்து மாவட்டங்களுள் ஒன்று. அவ்வைந்து மாவட்டங்களிலும் இருந்த ஒவ்வொரு தோல் பதனிடும் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 சிற்றூர்களில் ஒரு தொண்டு நிறுவனம் கிணறு கிணறாகச் சென்று எடுத்த கணக்கையும் நீதிமன்றம் எடுத்தாண்டிருக்கிறது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட கிணறுகள் 467. அவற்றுள் கெட்டுப்போனவை 350.

நான்கு கிணறுகளில் மூன்று. இந்த எண்ணை ஓர் உறுதிமொழியைப் போல நாம் கடந்துவிடக் கூடாது. நம் பக்கத்து மானாவாரிக் குடியானவனுக்குக் கிணறு என்பது அவன் மகளின் திருமணம், மகனின் படிப்பு, வறட்சியில் ஊரைவிட்டுப் போகாமல் தங்கும் துணிவு எல்லாமேயாகும். வெட்டிய தந்தையின் பெயரால் அழைக்கப்படும் கிணறுகள் உண்டு. அக்கிணறு நிரம்பி நிற்கும்போதே அதன் நீர் பயிருக்கு ஆகாது என்று ஆகிவிட்டால், அது வற்றிப்போவதைவிடக் கொடிது. வற்றிய கிணற்றுக்கு மழை வரும் என்று காத்திருக்கவாவது செய்யலாம். பொன்மாந்துறை புதுப்பட்டிப் பக்கம் போய், வயதில் மூத்த எவரையேனும் கேட்டுப் பாருங்கள். எந்த ஆண்டு வரை கிணற்றுநீரில் பருப்பு வெந்தது என்று அவர்கள் சொல்வார்கள்.

(சிறு குறிப்பு ஒன்று. பலரும் வாசிக்கும் தீர்ப்பின் ஆங்கிலப் படியில் ரெட்டியார்சத்திரம் ‘பெட்டியார்சத்திரம்’ என்று பிழையாக அச்சாகியிருக்கிறது. நாட்டின் மிக உயர்ந்த மன்றத்தில் நம் துயரம் பதிவாகியும், ஊரின் பெயரைத் திருத்தும்படி ஒரு கடிதம் எழுதக்கூட நமக்குத் தோன்றவில்லை போலும்.)

கேடு எவ்வாறு நேர்கிறது என்பதையும் விழாக்காரர்கள் அறிந்திருப்பது நல்லது. கசாப்புக்கூடத்திலேயே தோல் அழுகாமலிருக்க அதில் உப்பைத் தடவி அனுப்புகிறார்கள். தொழிற்சாலையில் முதல் வேலை அவ்வுப்பைக் கழுவி நீக்குவது. அடுத்துச் சுண்ணாம்புத் தொட்டி. மயிர் களையச் சோடியம் சல்பைடு. இவற்றுக்குப் பின்னரே பதனிடுதல். முன்னாளில் ஆவாரம்பட்டையால் பதனிட்டார்கள். பின்னர்க் குரோமியம் வந்தது. குரோமியத்தின் பெயரைக் கேட்டு அஞ்சுகிறோம், அஞ்ச வேண்டியதுதான். ஆயினும் நம் கிணறுகளைக் கொன்றதில் பெரும்பங்கு நாம் சோற்றில் இடும் உப்புக்கே உண்டு. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவாவதாக அதே தீர்ப்பு சொல்கிறது. அத்தண்ணீர் அவ்வுப்பைக் கரைத்துக்கொண்டு வெளியேறுகிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைத்தார்களே என்பீர்கள். அமைத்தார்கள், அதனால் நாற்றமும் அழுகலும் குறையக்கூடும். ஆனால் கரைந்த உப்பு வழக்கமான சுத்திகரிப்பில் நீங்குவதில்லை. அதைப் பிரிக்க எதிர்ச் சவ்வூடு பரவல் வேண்டும், பிரித்த உவர்நீரைக் காய்ச்சி வற்றவைக்க வேண்டும், அதற்குப் பெரும் பணம் வேண்டும்.

ஐதராபாத்திலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தார் குடகனாற்றின் மேற்படுகையை ஆராய்ந்து 2000களில் கட்டுரைகள் வெளியிட்டனர். திண்டுக்கல்லைச் சுற்றி அப்போது 80 அளவில் தோல் தொழிற்சாலைகள் இயங்கியதாகக் குறித்தனர். நிலத்தடி நீரின் ஓட்டத்தைக் கணினியில் வகுத்துப் பார்த்து அவர்கள் கண்ட முடிவு நம் உறக்கத்தைக் கெடுக்க வேண்டியது: மாசு சேர்வதைப் பாதியாகக் குறைத்தாலும், இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரும் நிலத்தடி நீரின் உப்பு இப்போதுள்ளதில் பாதிக்குக் கீழே இறங்காது. ஓர் ஊரின் குழந்தை பிறந்து, படித்து, வேலை தேடும் வயதை எட்டும் வரை, நாம் திருந்தினாலும் அதன் கிணறு திருந்தாது என்பது இதன் பொருள். இதற்கு நடுவே ஆண்டுக்கொருமுறை மேடை போட்டு ‘ஆறு நம் தாய்’ என்கிறோம்.

தொழிற்சாலை முதலாளிகளை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றிவிட்டு நாம் வீடு திரும்ப இயலாது. இவ்வரிகளை எழுதும் நம் காலிலும் தோல் செருப்பே இருக்கிறது. இத்தொழிலால் வாழ்ந்த குடும்பங்கள் பல. அவற்றுள் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்ற தலித் மக்களின் குடும்பங்களே மிகுதி. அவர்களின் கைகால்களை அரித்தபின்தான் அந்நீர் ஓடையைச் சேர்ந்தது. அவர்களுக்காக டி. செல்வராஜ் ‘தோல்’ என்ற நாவலை எழுதினார். 2012இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஆகவே, ஆற்றைக் காக்கக் கிளம்பும் நாம் தொழிலாளியை எதிரியாக்குவோமாயின் இருமுறை குற்றவாளிகளாவோம். நகரத்தின் சாக்கடைக்கும் சாயத்துக்கும் குப்பைக்கும் பொறுப்பு நம் அனைவருடையது. திருப்பூரில் நொய்யலாற்றின் ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தொட்டியாக மாறி, 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளையே மூடச் சொல்லும் அளவுக்குப் போனதே. காவிரிக்குப் போகும் கிளையாறுகளின் கதைகள் ஒன்றுக்கொன்று உறவானவை.

இனி, பறவைகளையும் மீன்களையும் பற்றி. ஆற்றுநாளின் அழகான பகுதி அதுவே என்பார்கள். நமக்கும் அதில் ஆசை உண்டு. குளத்துக் கரையில் காலை வெயிலில் சிறகு விரித்துக் காயும் நீர்க்காகத்தையும், மின்கம்பியிலிருந்து அம்புபோல் பாயும் மீன்கொத்தியையும், ஆகாயத்தாமரை மேல் நடைபயிலும் நீலத் தாழைக்கோழியையும் ஒரு பிள்ளைக்குக் காட்டிய ஞாயிறு வீணான ஞாயிறாகாது. ஆனால் இங்கேயும் ஒரு மயக்கம் காத்திருக்கிறது. சாக்கடை சேரும் குளத்தில் நெடுங்கால் உள்ளான்கள் கூட்டங்கூட்டமாக நிற்கும். சேற்றில் பெருகும் சிவந்த புழுக்கள் அவற்றுக்கு விருந்து. ‘பாருங்கள், எத்தனை பறவைகள்! எவ்வளவு வளமான நீர்நிலை!’ என்று விருந்தினர் வியப்பார், நாமும் கைதட்டுவோம். மீன்களிலும் அப்படியே. 1952இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை எந்த அழுக்கிலும் பெருகும். நடுவண் அரசு தடைசெய்த ஆப்பிரிக்கக் கெளுத்தி காற்றையே மூச்சாக இழுத்து உயிர்வாழும். வலையில் மீன் விழுகிறது என்பதால் ஆறு நலமாயிருக்கிறது என்று எவரும் சொல்லிவிட வேண்டாம். மணலில் புரளும் அயிரை இருக்கிறதா, தெளிந்த நீரைத் தேடும் கெண்டை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். எத்தனை என்று எண்ணுவதோடு, எவை போயின என்றும் எண்ண வேண்டும். போனவற்றின் பெயர்களை அறிந்த மூத்தோர் இன்னும் சில ஆண்டுகளே நம்மோடு இருப்பார்கள்.

இவ்விடத்தில் இன்னொன்றும் மனத்தை உறுத்துகிறது. 2022 அக்டோபரில் தமிழக அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 எக்டேர் காட்டைக் கடவூர்த் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. தேவாங்குக்கென்றே இந்தியாவில் அமைந்த முதற் சரணாலயம். மகிழ்ச்சியோடு வரவேற்றோம். இரவில் மட்டும் வெளிப்படும் அச்சிறு உயிருக்கு எல்லைக்கல் நட்டுக் காவல் வைக்க முடிந்த நாட்டில், ஒரு முழு ஆற்றின் எல்லை எது, கரை எது, உள்ளே கொட்டுவோர் யார் என்று எழுதி வைக்க நமக்கு மனம் வரவில்லை.

நாளைக் குறிப்பதிலும் நம் அறியாமை தெரிகிறது. செப்டம்பரில் உலக நாளைக் கொண்டாடப் போனால் பல ஆண்டுகளில் குடகனாற்றில் மணலைத்தான் காண்போம். ஆடிப்பெருக்கு காவிரிக்கு உரியது. மேற்கே பெய்யும் பருவமழையை மலைகள் மறித்துக்கொள்ளும் நம் சமவெளிக்கு ஆடியில் பெருக்கேது? நம் ஆறு ஐப்பசி, கார்த்திகையின் ஆறு. தாடிக்கொம்பில் சித்திரைத் திருவிழாவின்போது சௌந்தரராசப் பெருமாள் குடகனாற்றில் இறங்குவார். அவ்வகையில் இவ்வாற்றுக்கு ஒரு திருநாள் முன்னமே உண்டு. நம் காலத்துக் குழுக்கள் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. நீர் ஓடாத ஆண்டில் இறங்கும் பெருமாளை வரவேற்பது வெறும் மணலே. அதைப் பார்த்தும் கூடுவோர் யாவரும் எளிதில் கலைந்துபோகிறோம்; எம்மதத்தாராயினும் அந்த மணல் நம் எல்லோருக்கும் பொதுவான வெட்கம் என்று நமக்கு உறைப்பதில்லை.

‘முதலில் அன்பு பிறக்கட்டும், கணக்கும் வழக்கும் பிறகு வரட்டும். அழுகையையும் எண்களையும் காட்டி அழைத்தால் யார் வருவார்கள்?’ என்று நண்பர்கள் மறுப்பார்கள். மறுப்பில் நியாயம் இல்லாமலில்லை. பார்த்திராத ஒன்றுக்காக எவரும் போராடுவதில்லை. ஆனால் அன்பையும் கணக்கையும் ஒரே நாளில் செய்துகாட்டியவர்கள் தெற்கே இருக்கிறார்கள். 2011 முதல் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் குளங்களில் தைத் திங்களையொட்டித் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. மாணவர்களும் ஆர்வலர்களும் குழுக்களாகப் பிரிந்து, விடியற்காலையில் குளக்கரைகளுக்குச் சென்று, இனம் இனமாக எண்ணி எழுதுகிறார்கள். விருந்தினருக்காகக் காத்திருப்பதில்லை, பறவை காத்திருக்காதே. அடுத்த ஆண்டு அதே குளத்தில் எண்ணிக்கை குறைந்தால், ஏன் என்ற கேள்வி தானாக எழுகிறது. கையில் பதிவேடு இருப்பதால் அதிகாரிகளிடம் பேசவும் முடிகிறது. நீலநிற ஆற்றை வரைந்த பிள்ளைக்கு அந்தக் கேள்வி எழ வழியில்லை.

ஆற்றுநாளில் பேசக் கூச்சப்படும் மற்றொரு செய்தியும் உண்டு. மேலே ராசவாய்க்காலுக்கு எவ்வளவு நீர், கீழே குடகனாற்றுக்கு எவ்வளவு நீர் என்பதில் நம் உழவர்களிடையே நெடுநாளாகப் பூசல் இருக்கிறது. அரசு வல்லுநர் குழு அமைக்க வேண்டிய அளவுக்கு அது வளர்ந்தது. இரு பக்கத்தாரும் நம் மக்களே, இரு பக்கத்தாரின் நிலமும் காய்கிறது. அவர்களை ஒரே மேடையில் அமர்த்திப் பேசவைக்கத் துணியாத விழாவில், ஆற்றைப் பற்றி வேறென்ன பேசப்போகிறோம்?

இவ்வாறு சாதுவாகக் கிடக்கும் ஆறு ஒருமுறை பேசியதும் உண்டு. 1977 நவம்பரில் அழகாபுரி அணை கட்டி முடிந்த அதே ஆண்டில் பெருவெள்ளம் வந்தது. மின்சாரம் நின்றுபோனதால் மதகுகளை முழுதும் உயர்த்த இயலவில்லை, கையாலும் முயன்றார்கள். வெள்ளம் மண்ணணையின் தலைமேல் ஏறிப் பின்சரிவை அரித்து, பல இடங்களில் உடைத்துக்கொண்டு போனது. அணையைப் பின்னர் மீண்டும் கட்டினார்கள். வெள்ளத்தின் வழியில் நாம் வீட்டுமனைகள் போடுவதையும் கழிவு கொட்டுவதையும் பார்க்கும்போது, அந்த நவம்பரை நாம் எவ்வளவு விரைவில் மறந்தோம் என்று வியப்பாயிருக்கிறது.

பாலாற்றுக்காக 1996இல் கேட்கப்பட்ட நீதி முழுமையாக வந்து சேரவில்லை. 2025 சனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் வேலூர்ப் பகுதிக்காக மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்கி, பாதிக்கப்பட்டோருக்கு ஈட்டுத்தொகையைக் கொடுங்கள், மாசுபடுத்தியவரிடமிருந்து அதை வசூலியுங்கள், மேற்பார்வைக்கு ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் குழு அமையுங்கள் என்று ஆணையிட வேண்டியிருந்தது. அங்கே மக்கள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நம் 13 சிற்றூர்களின் 350 கிணறுகள் இன்று எந்நிலையில் இருக்கின்றன என்று, அதே கிணறுகளுக்குப் போய் மறுபடி எண்ணிப் பார்த்து நாம் கேட்டோமா?

ஆகவே விழா வேண்டும் என்போரிடம் நாம் வைக்கும் வேண்டுகோள் இதுவே. நாளைத் தைத் திங்களில் வையுங்கள். மழை நின்று, குளங்களில் நீரும் வலசைப் பறவைகளும் இருக்கும் காலம் அது. விடியற்காலையில் பிள்ளைகளைக் குளக்கரைக்கு அழைத்துப் போங்கள், எண்ணச் சொல்லுங்கள். ஆத்தூரிலிருந்து அழகாபுரி வரை ஆற்றுக்குள் எங்கெங்கே எந்தக் குழாய் வந்து விழுகிறது என்று நடந்து பார்த்து, ஒரு வரைபடத்தில் குறியுங்கள். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு உட்பட்டிருக்க வேண்டும், வேறு நீரே கிடைக்காவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. அதை அளக்கும் சிறு கருவி சட்டைப்பையில் அடங்கும். விலையும் சில நூறு ரூபாய்தான். ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஒருவர் தம் கிணற்று நீரை ஒரு கண்ணாடிப் புட்டியில் எடுத்து, ஊர்ப்பெயரையும் கிணற்றை வெட்டியவர் பெயரையும் ஒட்டித் தாடிக்கொம்புக்குக் கொண்டுவரட்டும். அளந்த எண்ணைப் பிள்ளைகளே பெரிய எழுத்தில் எழுதிப் புட்டியின் முன் வைக்கட்டும். அப்புட்டிகள் மேடைமேல் வரிசையாக நிற்கட்டும். பேச வந்தவர்கள் அவற்றுக்குப் பின்னால் நின்று பேசட்டும். பேசி முடித்ததும் பருகுவதற்கு எந்தப் புட்டியை எடுத்துத் தருவது என்பதை அப்பிள்ளைகளே முடிவு செய்யட்டும்.